சந்தேகம் இரண்டு வகை

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று பதினாறு ரிப்போர்ட். பதினாறிலும் சிவப்பு மை. எங்கள் முதியோர் இல்லத்துப் பெண்கள் குனிந்து நிமிர்ந்து எல்லா வேலையும் சுத்தமாகச் செய்வார்கள். பேனாவைக் கையில் எடுத்தால் மட்டும் கொலைதான். ஒருத்தி மூன்றாம் அறை அம்மாவை 'ஸ்கின்னி' என்று எழுதி வைத்திருக்கிறாள். அந்த அம்மாவின் மகன் வாராவாரம் வந்து ரிப்போர்ட்டை வரி விடாமல் படிக்கிறவர். 'ஸ்லிம்' என்றால் பாராட்டு. 'தின்' என்றால் தகவல். 'ஸ்கின்னி' என்றால் நீங்கள் என் அம்மாவுக்குச் சாப்பாடே போடவில்லையா என்று சண்டைக்கு வருவார். கூப்பிட்டுச் சொன்னேன்.

"எல்லாம் ஒல்லிதானேக்கா" என்றாள்.

ஒல்லியாம்! மேனேஜர் அம்மா இந்த நாட்டுக்காரி, அவளுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆய்வுக்கு வருகிறவர்களுக்கும் தெரியாது. இவளுடைய ஒல்லியை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? அதற்குத்தான் நான் இருக்கிறேன். எந்தக் காகிதமும் என் மேசையைத் தாண்டித்தான் மேனேஜர் அறைக்குப் போகும்.

எனக்கு இங்கே 'அகராதி' என்று பெயர். சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தவள் என்று சொல்கிறார்களாக்கும் என்று, பெயர் வந்த முதல் இரண்டு வருடம் பூரித்துப்போயிருந்தேன். அகராதி பிடித்தவள் என்றுதான் சொல்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. பெயர் வைத்தது வேறு யாருமில்லை, என் தம்பி பெண்டாட்டிதான். நான் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவள், என் வீட்டிலேயே இருக்கிறவள். அவளுக்கு இங்கே 'ரேடியோ' என்று பெயர். வாய் மூடாது. அதை நான் வைத்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

நாற்றத்துக்கு 'ஸ்மெல்' என்று எழுதியவளை, கொஞ்சம் மரியாதையாக 'ஓடர்' என்று மாற்ற வைத்தேன். அழுதுவிட்டாள். இதற்கெல்லாமா அழுவார்கள்?

பிப்ரவரி 11, புதன்

நர்ஸ் படிப்புக்கு இல்லத்திலிருந்து ஒருத்தியை அனுப்பப்போகிறார்களாம். ஒரே ஓர் இடம். மே மாதம் தொடக்கம். சேரும்போது வயது முப்பத்தைந்து முடிந்திருக்கக் கூடாது. ரேடியோவுக்கு மே இருபத்திரண்டில் முடிகிறது. இந்த வருடம் விட்டால் ஜன்மத்துக்கும் கிடையாது.

போட்டியில் இரண்டு பேர்தான். ரேடியோ, இன்னொருத்தி 'முதுகுவலி'. எந்த வேலை சொன்னாலும் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு "அம்மாடி" என்கிறவள், அதனால் அந்தப் பெயர். வேலையில் ரேடியோதான் மேல் என்று எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் தலைகால் புரியவில்லை அவளுக்கு. தம்பி லிஃப்ட் மெக்கானிக். கை கிரீஸோடு வந்தவனைக் கழுவக்கூட விடவில்லை. "நர்ஸ் பொண்டாட்டியா! இனிமே தலைவலின்னா கூட நான் அப்பாயின்ட்மென்ட் வாங்கணுமா?" என்கிறான் இவன். இரண்டும் சமையலறையில் நின்று கெக்கெக்கே என்று ஒரே சிரிப்பு.

பிறகு என் அறைக்கு வந்தாள். "அக்கா, தினமும் பத்து வார்த்தை சொல்லிக் கொடுங்கக்கா. நீங்க மட்டும் கை விட்டுட்டா நான் அவ்வளவுதான்."

சரி என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் ஒருவர் வந்து நீ எதற்காவது படிக்கப் போகிறாயா என்று கேட்டதில்லை. வயிறு எரிகிறது. எழுதினால் என்ன? என் நோட்டு.

பிப்ரவரி 19, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலைக் கூட்டம். மேனேஜர் அம்மா, டாக்டர், பன்னிரண்டு பெண்கள், நான். ஐந்தாம் அறைக்காரருக்கு முதுகில் படுக்கைப் புண். ரேடியோ 'சோர்' என்று எழுதியிருந்தாள். சின்னப் பிள்ளை தொண்டை வலிக்குச் சொல்கிற சொல் மாதிரி இருக்கிறதே என்று நான் அதை 'இஞ்சுரி' என்று மாற்றியிருந்தேன். கூட்டத்தில் வாசித்தார்கள். இவள் கையைத் தூக்கினாள். தூக்கிக்கொண்டு, அந்த ஓட்டை இங்கிலீஷில், 'இஞ்சுரி' என்றால் யாரோ அடித்தது போல, அல்லது கீழே விழுந்தது போல ஆகிவிடும், இது படுத்தே இருந்ததால் வந்தது, 'சோர்' என்பதுதான் சரி என்றாள்.

டாக்டர் தலையாட்டினார். மேனேஜர் அம்மா என்னைப் பார்த்து, அகராதிக்கும் புதுப் பதிப்பு தேவைப்படுகிறது போல என்றாள். அந்தப் பட்டப்பெயரை மட்டும் எப்படியோ கற்று வைத்திருக்கிறாள், 'அகராடி' என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். முதுகுவலி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வெளியே வந்ததும் ரேடியோ பின்னாலேயே ஓடி வந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அவரோட வீட்டுக்காரங்க படிச்சா யாரு அடிச்சதுன்னு கேட்பாங்களேன்னுதான்…"

அவள் சொன்னது சரி. அதுதான் தாங்கவில்லை. நான் சொல்லிக் கொடுத்த பத்துப் பத்தாக எடுத்துக்கொண்டு போய் என் மூக்கையே உடைத்துவிட்டாள். எத்தனை பேர் முன்னால்!

பிப்ரவரி 20, வெள்ளி

"என்ன அகராதி, புதுப் பதிப்பு எப்போ?" — மூன்று பேர் கேட்டாயிற்று. மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

மார்ச் 4, புதன்

ஏழாம் அறைப் பெரியவர் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். மதியம் இரண்டு மணி. இடுப்பெலும்பு போய்விட்டது. தூங்குகிறவர் உருளாமல் இருக்க ஏற்றி வைக்கிற பக்கக் கம்பி இறக்கியபடியே கிடந்தது.

அதற்கு முந்தைய முக்கால் மணி நேரத்தில் அந்த அறைக்குள் போனவர்கள் இரண்டே பேர். ரேடியோ தண்ணீர் கொடுக்கப் போனாள். முதுகுவலி விரிப்பு மாற்றப் போனாள். யார் கடைசியாக வெளியே வந்தது என்று பார்த்தவர்கள் இல்லை. பெரியவருக்குத் தன் பெயரே ஞாபகம் நிற்காது, அவரை எதைக் கேட்பது? இருவரையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள் மேனேஜர். ஒருத்தி மேல் தப்பு என்று முடிவானால் அவளுக்கு வேலையும் இல்லை, படிப்பும் இல்லை.

குனிய முடியாததால் கம்பியை இறக்கிவிட்டு விரிப்பு மாற்றுகிறவள் முதுகுவலிதான். மறந்துவிட்டு வருவதும் உண்டு. எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஆனால் இன்று பார்த்தேன் என்று சொல்ல ஆளில்லை.

மார்ச் 5, வியாழன்

ரேடியோ எழுதி முடித்துவிட்டாள். வீட்டில் என் எதிரில் உட்கார்ந்தாள். வாய் அவ்வளவாகப் பேசவில்லை, ஆச்சரியம்.

"அவ மேல பழி போடுற மாதிரி நிறைய எழுத மனசு வரலக்கா. அவளும் பாவம், முதுகை வெச்சுக்கிட்டு கஷ்டப்படுறா. எனக்கு என்ன தோணுதோ அதை ஒரே வரியில எழுதியிருக்கேன். நாளைக்கு உங்க மேசைக்கு வரும். நீங்க ஒரு பார்வை பார்த்துச் சரி பண்ணிடுவீங்கல்ல?"

"வரட்டும், பார்க்கிறேன்" என்றேன்.

"நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியம்" என்றாள்.

மார்ச் 6, வெள்ளி

வந்தது. அரைப் பக்கம். தண்ணீர் கொடுத்தேன், கம்பியை ஏற்றினேன், வெளியே வந்தேன். எல்லாம் சின்னச் சின்ன வாக்கியம், பரவாயில்லை. கடைசி வரி இது:

'ஐ டவுட் தட் ஷி லெஃப்ட் தி ரெயில் டவுன்.'

நான்கு தடவை படித்தேன்.

இவள் சொல்ல வந்தது: அவள்தான் கம்பியை இறக்கிவிட்டு வந்திருப்பாள் என்று எனக்குச் சந்தேகம். இவள் எழுதியிருப்பது: அவள் கம்பியை இறக்கிவிட்டு வந்திருப்பாள் என்று நான் நம்பவில்லை. நமக்கு இரண்டும் சந்தேகம்தான். ஒருவன் திருடியிருப்பானோ என்பதும் சந்தேகம், அவனாவது திருடுவதாவது என்பதும் சந்தேகம். அவர்களுக்கு அப்படி இல்லை. நடந்திருக்கும் என்று தோன்றினால் 'சஸ்பெக்ட்'. நடந்திருக்காது என்று தோன்றினால் 'டவுட்'. ஒரு சொல்லை மாற்றினால் முதுகுவலியின் மேல் விரல் நீளும். மாற்றாவிட்டால் இவளே அவளுக்குச் சாட்சி சொன்ன மாதிரி. அறைக்குப் போனது இரண்டே பேர், கம்பியை ஏற்றினேன் என்று முதுகுவலியும் எழுதியிருக்கிறாள். ஒருத்தி இல்லையென்றால் மற்றவள்.

இருபத்திரண்டு வருடத்தில் இந்தத் தப்பை ஐம்பது தடவையாவது திருத்தியிருப்பேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பு.

அதே வரியில் 'ரெயில்' என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. சிவப்பு மையால் போட்டேன். மேனேஜர் பெட்டியில் வைத்தேன்.

வாக்குமூலம் என்பது அவரவர் சொந்தச் சொல். அதில் நான் கை வைக்கலாமா? கூடாது. எழுத்துப் பிழை மட்டும்தான் பார்க்கலாம். — இப்படி ஒரு விதி இருக்கிறதா? இல்லை. இன்று காலைதான் போட்டேன்.

மார்ச் 9, திங்கள்

விசாரணை. குறிப்பெடுக்க என்னையே உட்கார வைத்தாள் மேனேஜர். ரேடியோ என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்து உட்கார்ந்தாள்.

மேனேஜர் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்: உன் சக ஊழியர் இதைச் செய்திருப்பாள் என்பதை 'டவுட்' பண்ணுகிறாய், அப்படித்தானே?

"யெஸ் மேடம்."

உறுதியாகவா?

"யெஸ் மேடம். ஐ ஸ்ட்ராங்லி டவுட்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். அப்படியென்றால் இதில் நிற்கிறாயா?

"ஃபுல்லி, மேடம்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். உச்சரிப்பு சரியாக இருந்ததா என்று பார்க்கிற பார்வை. 'ஸ்ட்ராங்லி' நான் சொல்லிக் கொடுத்த சொல். போன மாதம், மூன்றாவது பத்தில்.

வாயைத் திறந்தால் போதும். அரை நிமிட வேலை. நான் குனிந்து குறிப்பெடுத்தேன். எழுத்து அச்சுப் போல வந்தது.

பத்தே நிமிடம். வேலை போய்விட்டது. சக ஊழியர் மேல் பழி போடாத நேர்மையை மட்டும் மெச்சுகிறேன் என்று மேனேஜர் கை கொடுத்தாள். இவளுக்கு அது எதுவுமே புரியவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

நாள் முழுக்க அழுகை. "அவதான் செஞ்சிருப்பான்னு தெளிவா எழுதினேனேக்கா! என்னை ஏன் அனுப்புறாங்க? நான் சொன்னதை நம்பலையா?"

"நம்பினாங்க" என்றேன். அது உண்மை.

தம்பி சாப்பிடாமல் வேலைக்குப் போனான். நான் சாப்பிட்டேன். பசித்தது.

மார்ச் 27, வெள்ளி

படிப்புக்கு முதுகுவலி போகிறாள். என் மேசைக்கு வந்து, "அகராதிக்கா, ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றாள். குனிந்து காலைத் தொட முடியாது, அதனால் கையைப் பிடித்துக்கொண்டாள். புண்ணியவதி.

ஏப்ரல் 15, புதன்

ரேடியோவுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. ஓட்டல் துண்டுகளை மடிப்பது. நாள் முழுக்க இயந்திரச் சத்தம், பேச்சுத்துணை இல்லை. வீட்டுக்கு வந்தாலும் இப்போதெல்லாம் ரேடியோ ஓடுவதில்லை. தம்பி ஏதாவது கேலி செய்து வாயைப் பிடுங்கிப் பார்க்கிறான். "சும்மா இருங்க" என்கிறாள், அவ்வளவுதான்.

ஆனால் இன்று நோட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். "இங்கிலீஷை விடக் கூடாதுக்கா. வேற எங்கயாவது உதவும்."

சொல்லிக் கொடுத்தேன். ஏ, பி, சி என்று வரிசையாகப் போனோம். உடைந்தால் 'ப்ரேக்', விரிசல் விட்டால் 'க்ராக்'. மட்டமான சரக்கு என்றால் 'சீப்', விலை மட்டும் குறைவு என்றால் 'இன்எக்ஸ்பென்சிவ்'. டி எழுத்துக்கு வந்ததும் — 'டவுட்' அதில்தானே — எனக்குத் தலைவலி என்று முடித்துக்கொண்டேன். நாளைக்கு நேராக ஈ.

மே 22, வெள்ளி

அவளுக்கு முப்பத்தைந்து முடிந்தது. தம்பி புதுச் செருப்பு வாங்கி வந்தான். போட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

மாட்டிக்கொண்டாள். வாரத்தில் இரண்டு நாள் பயிற்சிக்கு எங்கள் இல்லத்துக்கே வருகிறாள் முதுகுவலி, வெள்ளை உடுப்பில். இன்று அதே ஏழாம் அறையில் கம்பியை இறக்கி, விரிப்பு மாற்றி, அப்படியே விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறாள். எதிரே மேனேஜர். கையும் களவுமாக. ஒரு உலுக்கு உலுக்கியதும் மார்ச் மாதத்தையும் சேர்த்துக் கக்கிவிட்டாள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டாள். பழைய கோப்பு மேசையில் விரிந்திருந்தது. டாக்டர் அவளிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். உங்கள் ஆட்கள் 'சஸ்பெக்ட்' என்பதற்குப் பதிலாக 'டவுட்' என்று சொல்வீர்களாமே, அப்படியா?

சிலர் சொல்வார்கள் என்றேன்.

இந்தத் தாள் உன் வழியாகத்தானே வந்தது?

ஆமாம். கவனிக்கவில்லை என்றேன். இங்கிலீஷில்தான் சொன்னேன், 'ஓவர்லுக்' போட்டு. அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கோப்பை மூடினாள். அவளுக்கும் அந்தச் சொல்தான் சௌகரியம். இல்லையென்றால் அவள் விசாரித்த லட்சணமும் சேர்ந்து சந்திக்கு வரும்.

முதுகுவலியை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு எச்சரிக்கையோடு சரி. பாதிப் படிப்பில் நிறுத்தினால் இல்லத்துக்குக் கெட்ட பெயராம்.

ஜூன் 18, வியாழன்

ரேடியோவுக்குக் கடிதம். எழுதச் சொன்னது என்னை. மேனேஜர் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: 'அபாலஜைஸ்' வேண்டாம், 'ரிக்ரெட்' போடு.

எனக்கா சொல்லித் தர வேண்டும்? 'அபாலஜைஸ்' என்றால் தப்பு என்னுடையது. 'ரிக்ரெட்' என்றால் இப்படி ஆகிவிட்டதே என்ற வருத்தம் மட்டும். மழை பெய்தாலும் ரிக்ரெட் பண்ணலாம். அழகாக வந்தது கடிதம். அவளுடைய வாக்குமூலத்தின் சொற்கள் அப்படி அமைந்ததால் அன்று அந்த முடிவெடுக்க நேர்ந்தது. பழைய வேலை காலியாக இருக்கிறது, விரும்பினால் வரலாம். படிப்புக்கு வயது கடந்துவிட்டதை ரிக்ரெட்டுடன் தெரிவிக்கிறோம். வாக்குமூலத்தின் நகலையும் இணைக்கச் சொன்னாள் மேனேஜர். இணைத்தேன்.

ஜூன் 20, சனி

தபால் வந்தது. பிரித்து என்னிடமே கொண்டுவந்தாள். எனக்கு மனப்பாடம். ஆனாலும் புதிதாகப் படிப்பது போலக் கண்ணை ஓட்டினேன்.

"மன்னிப்புக் கேட்டிருக்காங்களாக்கா?"

"வருத்தப்படுறாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

படிப்பு விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டாள், முன்பே தெரியும் என்பது போல. பிறகு அந்த வரிக்கு வந்தாள். "என் வார்த்தையில என்ன தப்பு இருந்துச்சாம்?"

விளக்கினேன். வேறென்ன செய்ய? டவுட், சஸ்பெக்ட், வித்தியாசம், உதாரணம். ஒரு சொல்லைக்கூடப் பூசி மெழுகவில்லை, நல்ல பாடமாகவே சொன்னேன். அவளுக்கு மெல்ல மெல்லப் புரிவது முகத்தில் தெரிந்தது. 'ஸ்ட்ராங்லி' என்று தானே வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ… நானேவா? என் வாயாலயேவா?"

என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க பார்க்கலையாக்கா?"

"கவனிக்கலை."

"அதானே பார்த்தேன். கவனிச்சிருந்தா விட்டிருப்பீங்களா? உங்களுக்கு அன்னிக்கு எத்தனை பேப்பரோ பாவம்."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சலவைக்கூடத்துச் சோப்பில் விரலெல்லாம் வெடித்திருக்கிறது. தம்பி வாசற்படியில் நின்றிருந்தான். தரையில் விழுந்திருந்த நகலை எடுத்துப் பார்த்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஜூன் 21, ஞாயிறு

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து வந்தான்.

"அக்கா, 'கவனிக்கலை'ன்னா இங்கிலீஷ்ல எத்தனை வார்த்தை இருக்கு?"

"எதுக்குடா?"

"சொல்லு. நீதான் கரெக்டா சொல்லுவே."

சொன்னேன். கண்ணில் படாமல் போனால் 'ஓவர்லுக்'. கண்ணில் பட்டும் பார்க்காத மாதிரி இருந்தால் 'இக்னோர்'. பார்க்க வேண்டியது நம் கடமையாக இருந்து விட்டுவிட்டால் 'நெக்லெக்ட்'.

பையிலிருந்து நகலை எடுத்து என் மடியில் போட்டான். விரலால் அந்த வரியைத் தொட்டான். "ஒத்த எழுத்தைத் திருத்தியிருக்கே. சிவப்பு மை. அதுக்கு அஞ்சு வார்த்தை முன்னாடி இருக்கு இந்த 'டவுட்'. உன் கண்ணுல படலையா? இதுல நீ எது, சொல்லு."

நான் என்னடா உளறுகிறாய் என்றேன். பெற்றவர்கள் மாதிரி வளர்த்தேனே என்றேன். அவள் என் மூக்கை உடைத்தாளே, அத்தனை பேர் சிரித்தார்களே, அப்போது எங்கேடா போயிருந்தாய் என்றேன் — ஐயோ, அதை ஏன் சொன்னேன்! அதுவரை அவனுக்கு ஒரு துளி நம்பிக்கை இருந்தது. முகத்தில் அது போனதைப் பார்த்தேன்.

"நான் அவகிட்ட சொல்ல மாட்டேன்" என்றான். "சொன்னா அவ உடைஞ்சுடுவா. உன்னைத்தான் மலைபோல நம்புறா. நீயே சொல்லு. எப்போ வேணா சொல்லு. நான் காத்திருக்கேன்."

ஜூன் 29, திங்கள்

சொல்லவில்லை.

ஜூலை 2, வியாழன்

சொல்லப் போனேன். அவள் என் புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். வெடித்த விரல். என்ன சொல்ல?

ஜூலை 9, வியாழன்

பழைய வேலைக்கு அவள் திரும்பவில்லை. முதுகுவலியிடம் கையைக் கட்டி நின்று வேலை பார்க்க முடியாது என்கிறாள். துண்டுதான் மடிக்கிறாள். பாடம் மட்டும் நிற்கவில்லை. விளக்கேற்றும் நேரத்துக்கு நோட்டோடு வந்துவிடுகிறாள். இப்போதெல்லாம் தம்பியும் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்கிறான். பாடம் முடிகிறவரை என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இன்று அவளே ஒரு கேள்வி கொண்டுவந்தாள். "'எக்ஸ்கியூஸ்', 'ஃபர்கிவ்' ரெண்டும் மன்னிக்கிறதுதானேக்கா? என்ன வித்தியாசம்?"

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"'எக்ஸ்கியூஸ்' சின்னத் தப்புக்கு. இடிச்சுட்டோம், லேட்டா வந்தோம், அந்த மாதிரி. 'ஃபர்கிவ்' பெரிசுக்கு. நம்மளை ஒருத்தர் நிஜமாவே நோகடிச்சிருந்தா."

"அப்போ ஒருத்தரை ஃபர்கிவ் பண்ணணும்னா, அவங்க என்ன செஞ்சாங்கன்னு முதல்ல தெரிஞ்சிருக்கணுமாக்கா?"

"ஆமா. தெரிஞ்சிருக்கணும்."

அதை நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். தம்பி எழுந்து வெளியே போனான். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு நோட்டில் அதை எழுதி, சரியாக இருக்கிறதா என்று என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒரு பிழை இல்லை. அடியில் சிவப்பு மையால் சரி போட்டுக் கொடுத்தேன்.